ஏழாம் கட்டிலின் நீல அட்டை

எரி, பென்சில்வேனியா
13 ஜனவரி 1997, திங்கள்

மார்வா,

கிறிஸ்துமஸ் அன்று பேச்சுக்கு நடுவில் போனை வைத்தாயே, அதற்குப் பிறகு நானாகக் கூப்பிடுவதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறேன். இப்போதும் கூப்பிடவில்லை, எழுதத்தான் செய்கிறேன். நீ கோபத்தில் மேஜைமேல் வீசினாலும் கடிதம் அங்கேயே கிடக்கும். கோபம் ஆறியதும் எடுத்துப் படி.

எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். குழந்தைகள் மனநல வார்டில் உதவியாளர்கள் இனி இல்லையாம், நாங்கள் 'நடத்தை நல டெக்னீஷியன்'களாம். புது அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது. என்னோடு ஷிப்டில் நிற்கும் டெரில் அதைப் பார்த்துவிட்டு, "நேத்துவரைக்கும் பிள்ளைங்க என்னைச் சும்மா கடிச்சாங்க. இனிமே டெக்னீஷியனைக் கடிச்சோம்னு பெருமையா சொல்லிக்கலாம்" என்றான்.

விஷயத்துக்கு வருகிறேன். வார்டுப் பிள்ளையின் பெயரைக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டில் எண் ஏழு, அதனால் ஏழு என்றே வைத்துக்கொள். ஒன்பது வயதுப் பெண். வீட்டு மாடி ஜன்னல் வழியாகக் குதித்துக் கணுக்கால் வீங்கி இரண்டாம் தேதி வந்தாள். ஆறு மாதத்தில் இது இரண்டாம் தடவை. முதல் நான்கு நாள் மேஜைக்கு அடியில்தான் வாசம். சாப்பாட்டுத் தட்டைக்கூட அங்கேதான் தள்ளிவிடுவோம். நானும் தரையில் உட்கார்ந்து, அவள் பக்கம் திரும்பாமல் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே இருப்பேன். ஐந்தாம் நாள் ஒரு கை வெளியே நீண்டது. "எனக்கும் போடுங்க." அந்தக் கையைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம் உனக்குத்தான் புரியும், வேறு யாரிடம் சொல்வேன்?

பிறகு பிள்ளை கிடுகிடுவென்று ஏறினாள். நடத்தையைப் பார்த்துக் கதவில் ஒட்டும் அட்டை சிவப்பிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து நீலம். நீலம் வந்த அன்று காகிதப் பையிலிருந்து அவளுடைய சொந்த ஷூவை எடுத்துக் கொடுத்தேன். ஒட்டுப் பட்டை வைத்த ஊதா ஷூ. ஆஸ்பத்திரிக் காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி வராந்தாவில் நாலு தடவை நடந்து காட்டினாள்.

வெள்ளிக்கிழமை இன்ஷூரன்ஸ்காரர்கள் "போதும், வீட்டுக்கு அனுப்புங்கள்" என்றுவிட்டார்கள். எந்த வீட்டுக்கு? அம்மாவோடு வந்து தங்கியிருக்கிற ஆளுக்குப் பயந்துதானே ஜன்னலைத் தேடினாள்! பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் கவுண்டி அலுவலகத்தைக் கேட்டால் நிரூபணம் இல்லை என்கிறார்கள். மீட்வில்லில் சித்தி இருக்கிறாள், ட்ரூடி என்று பெயர், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. நான் கூட்டிப்போகிறேன் என்கிறாள். ஆனால் கவுண்டி ஆள் அவள் வீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அது மாதக் கடைசியில்தான் நடக்கும். டாக்டர் போனில் தொண்டை கிழியக் கத்தி ஒரு வாரம் வாங்கியிருக்கிறார். இருபதாம் தேதி அவள் எப்படி இருக்கிறாள் என்று மறுபடியும் கேட்பார்களாம்.

உன் ஆட்களுக்கு என்னதான் வேண்டும், மார்வா? எங்கள் வார்டில் பதினோரு வருஷம் சார்ஜ் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போய் உட்கார்ந்திருக்கிறாய். அதையாவது சொல்லித் தொலை.

நோரீன்


ஹாரிஸ்பர்க்
16 ஜனவரி 1997

நோரீன்,

'உன் ஆட்கள்' என்று எழுதியிருக்கிறாய். என் முதுகெலும்பில் இரண்டு தட்டு நழுவியது யாரைப் பிடித்து அடக்கும்போது என்று உனக்குத் தெரியும். நீ கால்களைப் பிடித்திருந்தாய். வார்டில் நிற்க முடியாதவளுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை இது ஒன்றுதான் கிடைத்தது. கிறிஸ்துமஸ் அன்றும் நீ இதையே சொன்னாய், அதனால்தான் போனை வைத்தேன். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை போன் என் காதில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்தும் திட்டுக் கேட்க அந்தக் காதில் இடமில்லை.

உன் ஏழின் காப்பீடு எங்கள் கம்பெனியிலா என்றுகூட எனக்குத் தெரியாது. எங்களுடையதாக இருந்தாலும், தெரிந்த வார்டிலிருந்து வரும் பிள்ளையின் காகிதத்தை நான் தொடக் கூடாது.

ஆனால் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். உன் எழுத்தை ஆறு வருஷம் படித்தவள் நான். கேஸ் ஷீட்டில் நீ என்ன எழுதியிருப்பாய்? 'இரவு உணவு முழுதும் சாப்பிட்டாள். சீட்டாட்டத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். எட்டாம் கட்டில் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட்டாள். அருமையான நாள்.' சரிதானே? உங்கள் நர்ஸ் அதை அப்படியே போனில் வாசித்திருப்பாள். மறுமுனையில் என்னைப் போல ஒருத்தி தன் தாளில் இருக்கிற கட்டங்களைப் பார்த்திருப்பாள். தனக்கு ஆபத்தா, பிறருக்கு ஆபத்தா, சாப்பிட மறுக்கிறாளா, தூக்கமில்லையா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. அப்புறம் எதற்குக் கட்டில்?

அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பச் சொன்னது உன் 'அருமையான நாள்'தான், நோரீன். எரிச்சல்படாதே. எனக்கும் இது அந்தப் பக்கம் இருந்தவரை தெரியாது.

பொய் எழுதச் சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் எழுது. பார்க்க ஆசைப்பட்டதை எழுதாதே.

மார்வா


எரி
22 ஜனவரி 1997

மார்வா,

நீ சொன்னபடியே செய்தேன்.

சனி ஞாயிறு இரண்டு நாளும் பேனாவோடு அவள் பின்னாலேயே அலைந்தேன். சனிக்கிழமை ஆப்பிள் சாஸ் கிண்ணத்தை எறிந்தாள், எழுதினேன். குழுப் பேச்சில் உட்கார மாட்டேன் என்றாள், எழுதினேன். ஞாயிறு மதியம் இரண்டு கெட்ட வார்த்தை, அதையும் எழுதினேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. எந்தப் பிள்ளை பின்னால் இரண்டு நாள் பேனாவோடு போனாலும் இவ்வளவு கிடைக்கும், என் பின்னால் வந்தால் பக்கம் போதாது.

ஆனால் கதவு அட்டை நினைவிருக்கிறதா? கேஸ் ஷீட்டும் அட்டையும் ஒத்துப்போக வேண்டும் என்று விதி. நான் எழுதியதைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் நர்ஸ் ஞாயிறு மாலை நீலத்தைக் கிழித்து மஞ்சளை ஒட்டிவிட்டாள். மஞ்சளுக்கு ஷூ கிடையாது. கழற்றி வாங்க வேண்டியவள் யார்? ஷிப்டில் இருந்த நான்தான்.

கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அழவில்லை.

"மிஸ் நோரீன், நான் என்ன பண்ணேன்?"

"கிண்ணத்தை எறிஞ்சியேம்மா."

"போன வாரமும்தானே எறிஞ்சேன். அப்ப நீங்க சிரிச்சீங்களே."

நான் பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவே இல்லை.

திங்கட்கிழமை நான்கு நாள் கொடுத்தார்கள். ஒரு ஜோடி ஷூவுக்கு நான்கு நாள்! வெள்ளிக்கிழமை மறுபடியும் கேட்பார்கள். அப்போது எதைக் கழற்றுவது?

இன்னொன்று. நேற்று அவள் டெரிலிடம் கணக்குக் கேட்டிருக்கிறாள். எட்டாம் கட்டில் பிள்ளை சமர்த்தாக இருந்தாள், ஒரே வாரத்தில் போய்விட்டாள். ஐந்தாம் கட்டில் பையன் நாற்காலியை உடைக்கிறான், ஐந்து வாரமாக இங்கேயே இருக்கிறான். "அது ஏன்?" என்று கேட்டாளாம். டெரில் என்ன சொன்னான் தெரியுமா? "நல்ல கேள்வி, டாக்டர்கிட்ட கேளு." நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அவனைத் திட்டினேன்.

உன் யோசனையைக் கேட்டதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நோரீன்


ஹாரிஸ்பர்க்
24 ஜனவரி 1997

நோரீன்,

எழுது என்றுதான் சொன்னேன், பிள்ளையின் காலிலிருந்து பிடுங்கு என்று சொல்லவில்லை.

இதைத் திட்டாக எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். அட்டையும் கேஸ் ஷீட்டும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதியைப் போட்டவளே நான்தான். நீ சேருவதற்கு முந்தைய கோடை. யாருக்கு ஏன் நீலம் என்று பெற்றோர்கள் தினம் சண்டைக்கு வந்தார்கள். தொல்லை விட்டால் போதும் என்று ஒரு பத்தி எழுதி நர்ஸ் அறையில் ஒட்டினேன். அட்டை பிள்ளைகளுக்கானது. அதைப் போனில் யாரும் வாசிப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை. நீலத்தைத் திரும்ப ஒட்டு. நர்ஸ் சத்தம் போட்டால் என் பெயரைச் சொல். என் பேச்சுக்கு அங்கே இப்போது என்ன மதிப்பு இருக்குமோ தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள். அவளிடம் வீட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாயா? கேட்டிருக்க மாட்டாய். உன் ஷிப்டில் எந்தப் பிள்ளையும் அழக் கூடாது உனக்கு. சீட்டாட்டம், பிஸ்கட், சிரிப்பு. நல்லதுதான், உன்னை அதற்காகவே எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் 'வீட்டுக்குப் போனால் என்ன செய்வாய்' என்று கேட்டு, அவள் சொல்வதை அவள் வாயால் சொன்னபடியே மேற்கோள் போட்டு எழுதினால், மறுமுனையில் இருப்பவள் அதைத் தாண்டிப் போக முடியாது. பயம் என்று எங்கள் தாளில் ஒரு கட்டம் இல்லை. பிள்ளை சொன்ன வார்த்தைக்கு மட்டும் ஓர் இடம் இருக்கிறது.

இன்றைக்கு நான்கு பேருக்கு இனி நாள் தர முடியாது என்று சொன்னேன். ஒருத்தியின் டாக்டர் எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

மார்வா


எரி
28 ஜனவரி 1997

மார்வா,

உன் கடிதம் நேற்று வந்தது. எல்லாம் வெள்ளிக்கிழமையே நடந்து முடிந்துவிட்டது.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஷிப்டுக்குள் நுழைகிறேன். 'இன்றைக்கு இன்ஷூரன்ஸில் கேட்பார்கள்' என்று பகல் நர்ஸ் வராந்தாவில் நின்றே சொன்னாள். ஏழு அங்கேதான் படம் வரைந்துகொண்டிருந்தாள். நாலு மணிக்கு எழுந்து போய் விளையாட்டு அலமாரியைக் கவிழ்த்தாள். டெரில் பக்கத்தில் போனான், அவன் முழங்கையைக் கடித்தாள். நான் போனேன், தாடையில் ஒரு உதை. வேறு வழியில்லை. பாயில் கிடத்திப் பிடித்தோம், டெரில் தோளை, நான் கால்களை. பதினொரு நிமிஷம். உதைத்தாள், துப்பினாள், ஊரில் இல்லாத கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னாள். பிறகு திடீரென்று அடங்கினாள். மூச்சு வாங்கியது. டெரிலின் கைக்கு அடியிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்து ரகசியமாகக் கேட்டாள்:

"இதை எழுதுவீங்கல்ல, மிஸ் நோரீன்?"

பிள்ளை வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். வழி காட்டியவள் நான். நான்தான் இரண்டு நாள் பேனாவோடு பின்னால் நடந்தேன்.

எழுதினேன். அலமாரி, கடி, உதை, பதினொரு நிமிஷம், எல்லாம். அவள் கேட்டதை மட்டும் எழுதவில்லை. 'தூண்டுதல் எதுவும் தெரியவில்லை' என்று எழுதினேன். எட்டு வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய். பதினைந்து நாள் கொடுத்தார்கள். தாடைக்கு ஐஸ் வைத்துக்கொண்டு கழிவறையில் போய் அழுதேன். சந்தோஷத்திலா ஆத்திரத்திலா, எனக்கே தெரியாது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நேற்று கவுண்டி ஆள் கேஸ் ஷீட்டைச் சித்திக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார், வாசித்தாக வேண்டுமாம். வீடு சரி, கையெழுத்தும் தயார். ஆனால் ட்ரூடியிடம் ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது. 'காரணமே இல்லாமல் கடிக்கிறாள்' என்று கேட்டுவிட்டு எந்தத் தாய் சரி என்பாள்? "எனக்கு யோசிக்க டைம் வேணும்" என்றிருக்கிறாள். அதன் அர்த்தம் நமக்குத் தெரியாதா?

நான் நல்லதை எழுதினேன், அவளை வீட்டுக்குத் துரத்தப் பார்த்தார்கள். கெட்டதை எழுதினேன், போக இருந்த ஒரே இடமும் போச்சு. இனிமேல் என்ன எழுத, சொல்!

நோரீன்


ஹாரிஸ்பர்க்
31 ஜனவரி 1997

நோரீன்,

தாமதப் பதிவு எழுது.

எப்படி என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். இன்றைய தேதி, இன்றைய நேரம், மேலே 'தாமதப் பதிவு' என்ற வார்த்தை, கீழே 24ஆம் தேதி அவள் கேட்டதைக் கேட்டபடி. அதை நீ விட்டுவிட்டாய் என்பதையும், முந்தைய வாரம் நீ என்ன செய்தாய் என்பதையும் சேர்த்து எழுது. பழைய வரியை அடிக்காதே, அது அப்படியே இருக்கட்டும்.

இதனால் என்ன நடக்கும் என்று மறைக்காமல் சொல்கிறேன். உனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். நல்ல நாளாக இருந்தால் அதோடு போகும். மிச்ச நாட்களும் உடனே ரத்தாகும். என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் ரத்து செய்திருப்பேன், நோரீன். 'தெரிந்தே செய்தாள்' என்று காகிதத்தில் வந்துவிட்டால் அது நோய் இல்லை என்று எங்கள் தாள் சொல்கிறது. நான் அதைத் தினமும் வாசிக்கிறேன்.

ஆனால் அந்தச் சித்தி கேட்க வேண்டியது எங்கள் தாளை இல்லை. வீட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காக ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை தன்னைப் பாயில் கிடத்தி அமுக்கிப் பிடிக்க வைத்துக்கொண்டாள் என்பதை அவள் கேட்கட்டும். நீ நேரே போன் செய்யாதே, வேலை போய்விடும். கேஸ் ஷீட்டில் இருந்தால் கவுண்டி ஆள் வாசித்தாக வேண்டும். அவரை வாசிக்க விடு.

அவள் அப்புறமும் வேண்டாம் என்றால் பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் போவாள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

மார்வா


எரி
9 பிப்ரவரி 1997, ஞாயிறு

மார்வா,

உன் கடிதம் வந்த திங்கட்கிழமையே எழுதினேன். ஒன்றரைப் பக்கம். எழுதி முடித்து நர்ஸிடம் கொடுத்தபோது அவள் நின்றபடியே படித்தாள், பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். "உனக்கு வேற வேலை இல்லையா நோரீன்?" என்று கேட்டாள். திட்டாகத்தான் கேட்டாள், ஆனால் குரலில் அது இல்லை.

நீ சொன்னது ஒன்றுவிடாமல் நடந்தது. செவ்வாய்க்கிழமை எச்சரிக்கைக் கடிதம், என் கையெழுத்தோடு கோப்பில் போய்விட்டது. புதன்கிழமை நாட்கள் ரத்து, வியாழன் மதியத்துக்குள் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். புதன் மாலை முழுக்க மீட்வில்லிலிருந்து பதில் இல்லை. அம்மாவுக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். எழுதியதைத் திங்கட்கிழமையே ஏழிடம் சொல்லியிருந்தேன், அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அவள் செய்த வேலையை நான் காட்டிக்கொடுத்துவிட்டேன், அவள் வரையில் அதுதான் நடந்தது. மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு போனேன், கை வெளியே வரவில்லை.

வியாழன் காலை நான் ஷிப்டு இல்லாமலே போனேன். பத்தரைக்கு ட்ரூடி வந்தாள், பனியில் வழி மூடிக்கிடந்தும் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு. குழந்தை இடுப்பில், தலையில் பள்ளிச் சமையலறை வலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கவுண்டி ஆள் முந்தின இரவுதான் வாசித்தாராம். என் கழுத்து அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு, "நீங்கதானா அது எழுதினது?" என்றாள். ஆமாம் என்றேன். "முதல்லயே எழுதியிருக்கலாம்ல?" என்றாள்.

காகிதப் பையிலிருந்து ஷூவை எடுத்து நானே மாட்டிவிட்டேன். நீலமா மஞ்சளா என்று யாரும் கேட்கவில்லை. வண்டிவரை நடந்தோம். ட்ரூடி குழந்தையைப் பின் இருக்கையில் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஏழு வாயைத் திறந்தாள், மூன்று நாளைக்கு அப்புறம்.

"மிஸ் நோரீன், சித்தி வீட்ல நான் நல்ல பிள்ளையா இருந்தா, அங்கேர்ந்தும் அனுப்பிடுவாங்களா?"

"மாட்டாங்கம்மா" என்றேன். "நல்லா இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி, அங்கதான் இருப்பே."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை உள்ளே விட்டுக் குழந்தையின் தலையிலிருந்த கம்பளித் தொப்பியை உருவிப் பனியில் எறிந்தாள். கோபமெல்லாம் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று செய்தாள். செய்துவிட்டு என் கையைத் திரும்பிப் பார்த்தாள், பேனா இருக்கிறதா என்று.

ட்ரூடி தொப்பியை எடுத்து முழங்காலில் தட்டிக் குழந்தைக்கு மாட்டினாள். "குளிருதில்ல, ஏறு" என்றாள். ஏறினாள். வண்டி திரும்பும்வரை என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன், மார்வா. அவள் நம்பினதாகத் தெரியவில்லை.

நோரீன்